கம்மா அழியும் நாள்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். கண்மாயில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது கடற்கரை முழுவதும் கிழக்கே போய்விட்டது. நம் விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு முழம் கடல்கூட மிஞ்சவில்லை. மீன் என்றால் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவது என்றுதான் இங்கே வளரும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் அப்படி நினைத்தவர்கள் இல்லை. கண்மாய்த் தண்ணீர் வற்றும் மாசி பங்குனியில், ஊரே இடுப்பளவு சேற்றில் நின்று மீன் பிடித்த ஊர்களில் பிறந்தவர்கள் அவர்கள்.

முதலில் மழைக் கணக்கு. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான். இந்த வெயிலை நம்பித்தான் சிவகாசி பிழைத்தது. சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ஐ ஒட்டி ஊர் திரும்பியபோது, அவர்களுக்கு உதவியாக நின்றது இந்தக் காய்ந்த காற்று. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய காகிதம் காய வேண்டும். விவசாயிக்குச் சாபமாக இருந்த வானம் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரமாகிவிட்டது. இதை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்.

அந்த வெயிலுக்கு நடுவே நூறு ஆண்டுகளுக்கு முன்னால் மட்டுமல்ல, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலும் இங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். எதைக் குடித்தார்கள், எதைக் கொண்டு நெல் விளைத்தார்கள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. ஊர்ப் பெயர்கள் சொல்கின்றன. ஆலங்குளம், முக்குளம், விஜயகரிசல்குளம், ஆனைக்குட்டம். குட்டம் என்றாலும் குளம்தான். தண்ணீர் நின்ற இடத்தில் ஊர் நின்றது. ஊருக்குத் தண்ணீரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நிற்கிற தண்ணீரையும் நம் ஆட்கள் வகை பிரித்து வைத்திருந்தார்கள். விருதுநகர்க் கடைவீதி நடுவில் இருக்கும் தெப்பத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்திலும் யாரும் தூண்டில் போடமாட்டார்கள். அங்கே மீனுக்குப் பொரி வாங்கிப் போடுவதுதான் வழக்கம். ஊருணி குடிக்கிற தண்ணீர். அதில் காலை நனைத்தாலே சத்தம் போடுவார்கள். கண்மாய்தான் பாசனத்துக்கு, மாட்டுக்கு, துணிக்கு, மீனுக்கு. கரிசல்காட்டு வாயில் அது கம்மா. இனி நானும் அப்படியே சொல்கிறேன். மேடைக்காக வாயை மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கம்மாவைத் தனித்தனிப் பாத்திரமாக நினைத்தால் நான் சொல்லப்போவது புரியாது. மேற்கே மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு கம்மாவில் நிற்கும். அது நிறைந்தால் கலுங்கு வழியாக வழியும். நம் பக்கத்தில் அதை "மறுகால் பாயுது" என்போம். அந்த மறுகால் தண்ணீர் ஓடைவழியே போய் அடுத்த கம்மாவுக்கு வரத்துக்கால் ஆகும். அது நிறைந்து அதற்கடுத்தது. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல்லுக்குக் கீழே போய்ப் பாருங்கள், ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் முடிந்திருக்கும். கடைசியில் மிச்சத்தண்ணீர் அர்ஜுனா நதியிலோ வைப்பாற்றிலோ விழும். அவை இரண்டும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே சேர்ந்து கிழக்கே கடலுக்குப் போகின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி கம்மாக்கள். தமிழ்நாடு முழுக்க இப்படி 39,000-க்கு மேல் உண்டு என்பது அரசுக் கணக்கு.

இந்தப் படிக்கட்டில் தண்ணீர் கீழே இறங்குகிறது. மீன் மேலே ஏறுகிறது.

நான் பேச வந்தது இதைத்தான். முதல் பெருமழை பெய்து, செம்மண் கலங்கலாக வரத்துக்காலில் தண்ணீர் வந்து விழுகிறதே, அதைப் "புதுத்தண்ணி" என்பார்கள். புதுத்தண்ணியின் வாடை பட்டதும் கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் அதை எதிர்த்து ஏறும். முட்டையிடுவதற்காக ஏறுகின்றன. ராத்திரி அரிக்கேன் விளக்கோடு நாங்கள் போய் நிற்போம். கணுக்கால் அளவு ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளிக் கோடுகள் மேல்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்று சறுக்கி விழும், திரும்ப ஏறும். கலுங்குக் கல்லில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். மடைவாயில் மூங்கில் பறியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனால் விடியும்போது அது கனத்துக் கிடக்கும். ஆனால் எங்கள் தெருவில் இருந்த ஒரு தாத்தா பறியை ஓடையின் ஒரு ஓரத்தில்தான் வைப்பார். "நடுவுல வைக்கலாமே தாத்தா, இன்னும் விழுமே" என்று ஒருமுறை கேட்டேன். "ஏலே, போறது பூராத்தையும் மறிச்சுட்டா அடுத்த வருசம் எது வரும்? அதுக்கும் வழி விடணும்ல" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. மீன்வளத்துறை இன்று எந்தப் பயிற்சி வகுப்பு வைத்தாலும் முதலில் சொல்லவேண்டிய பாடம் அது.

இன்னொரு கேள்வியும் சின்ன வயதில் என்னைப் படுத்தியது. சித்திரையில் கம்மா பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அங்கே நாங்கள் பந்து விளையாடுவோம். ஐப்பசியில் தண்ணீர் வந்த இரண்டே வாரத்தில் அதில் மீன் துள்ளும். எங்கேயிருந்து வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்று எங்கள் பாட்டி உறுதியாகச் சொல்வாள். நானும் நெடுநாள் நம்பினேன்.

உண்மை அதைவிடப் பெரிய அதிசயம். நம் கம்மா மீன்களில் பல, தண்ணீரில் காற்றுக் குறைந்தால் நேராக வானத்துக் காற்றை வாங்கத் தெரிந்தவை. விராலுக்குச் செவுளுக்கு மேலே அதற்கென்றே ஓர் அறை உண்டு. கிட்டத்தட்ட வற்றிய சேற்றிலும் அது நாள்கணக்கில் கிடக்கும். அடிக்கடி மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அப்போது எழும் குமிழியைப் பார்த்துத்தான் தூண்டில்காரர் விரால் கிடக்கும் இடத்தைக் குறிவைக்கிறார். தேளிக்கு உடம்புக்குள் நீளமான காற்றுப் பை. பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நடந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளத்தங்கரைப் பனையின் வெடிப்பில் ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதி, அது லண்டன் வரை போய் 1797-ல் அச்சேறியது. அது நிலத்தில் நடக்கும், மரம் ஏறாது என்று பிற்கால ஆய்வாளர்கள் சொன்னார்கள். பறவை தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கலாம். ஆனால் பனையேறி என்ற பெயர் டால்டார்ஃப் வைத்ததில்லை.

மற்ற மீன்கள்? அவை பக்கத்துக் கிணற்றிலோ, மேலே இன்னும் வற்றாத ஏதோ ஒரு கம்மாவிலோ, அணைத் தண்ணீரிலோ, ஆற்று மடுவிலோ பிழைத்துக் கிடந்து, புதுத்தண்ணி எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்க்கும் அந்தச் சில நாட்களில் கீழே இறங்கியும் மேலே ஏறியும் திரும்ப வந்து சேர்கின்றன. வருசத்தில் பத்துப் பதினைந்து நாள் திறக்கும் கதவு அது. அந்தக் கதவு அடைபட்டால் காற்றை விழுங்கத் தெரிந்த இரண்டு மூன்று வகைதான் மிஞ்சும். அயிரை மிஞ்சாது.

எனக்கு அயிரை மேல் தனிப் பாசம் உண்டு, மறைக்கவில்லை. சுண்டுவிரலை விடச் சின்ன மீன். மதுரைக்காரர்கள் அயிரைமீன் குழம்பைத் தங்கள் ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நம் வீடுகளிலும் அதற்குக் குறைவில்லாமல் வைப்பார்கள். உயிரோடுதான் வாங்குவார்கள். மண்சட்டியில் போட்டுக் கொஞ்சம் பால் ஊற்றினால் குடித்த மண்ணைக் கக்கிவிடும். பிறகு கல் உப்புப் போட்டு உரசினால் வழுவழுப்புப் போகும். முழுசாகவே குழம்பில் விழும். புளியும் மல்லியும் மிளகாயும் அரைத்துவிட்டு, மாங்காய் கிடைத்தால் இரண்டு கீற்று. அடுத்த நாள் காலையில் பழைய சோற்றோடு அந்தக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

தூண்டிலுக்கு வருகிறேன். தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகள் மூடும். பூஜை போட்டுத் திரும்பத் திறக்கும்வரை கைக்கு வேலை இல்லை. மழைநாளில் மருந்து காயாது, அதனாலும் வேலை இல்லை. கம்மா நிறைகிற காலமும் அதுவேதான். ஆண்டு முழுவதும் வெயிலில் பிழைக்கும் தொழிலாளிக்கு மழை கொடுக்கும் விடுமுறை என்று இதைச் சொல்லலாம். அந்த நாட்களிலும் மற்ற மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சிவகாசி, சாத்தூர், திருத்தங்கலைச் சுற்றிய கம்மாக் கரைகளில் ஆட்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மூங்கில் குச்சி, நரம்பு, ஒரு தக்கை, முள், சிரட்டையில் ஈரமண்ணோடு நாக்குப்பூச்சி. விராலுக்குப் போடுகிறவர் தவளைக்குஞ்சு கொண்டுவருவார். ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள்.

ஒருமுறை அப்படி ஒருவர் பக்கத்தில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். மருந்து ரூமில் வேலை பார்ப்பவர். விரல் நகத்தடியில் அலுமினியத் தூளின் சாம்பல் நிறம் போகாமல் இருந்தது. நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "அங்க கையி பதறக்கூடாதுண்ணே. பதறாம பதறாம இருந்து, உள்ளுக்குள்ள என்னமோ இறுகிப்போயிருது. இங்க வந்து தக்கையப் பாத்துக்கிட்டே இருந்தா அது மெல்ல இளகும்." அன்று அவருக்குக் கிடைத்தது நாலு ஜிலேபிக் கெண்டை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வோர் ஆண்டும் இந்த மாவட்டத்தில் வெடிவிபத்துச் செய்தி வரும்போது, என் மனம் அந்தக் கரையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்க்கிறது.

தூண்டில் நமக்கு எங்கிருந்தோ வந்த பொழுதுபோக்கு இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் நீண்ட கோலில் கட்டிய தூண்டிலோடு மீன் பிடிக்கும் பாணர்களைப் பார்க்கிறோம். ஐங்குறுநூற்றின் மருதப் பாடல் ஒன்றில் ஒரு பாண்மகள் கூடையிலிருந்து விராலைக் கொட்டுகிறாள். வீட்டுக்காரி அந்தக் கூடையில் பழைய வெண்ணெல்லை நிரப்பி அனுப்புகிறாள். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். பாண்டியன் கொடியிலும் கயல் ஏறியது. நன்னீர் மீனையா, கடல் மீனையா எழுதினார்கள் என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். கம்மாக் கரையில் வளர்ந்த எனக்கு அது கெண்டைதான்.

மீனுக்குக் கணக்கும் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான வரி அது. அந்த வருமானத்தை ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் விட்டதாகச் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரிவாரியம் என்று தனி அமைப்பே பேசப்படுகிறது. இன்றும் நம் ஊராட்சி அலுவலக நோட்டீஸில் "மீன்பாசி ஏலம்" என்று போடுகிறார்களே, அந்தப் பாசி அங்கிருந்து வந்த சொல்தான் என்று நான் நம்புகிறேன். சொல் ஆயிரம் ஆண்டு பிழைத்துவிட்டது. ஏரி கொடுத்த பணம் ஏரிக்கே திரும்பும் ஏற்பாடுதான் வழியில் எங்கேயோ கைநழுவிப்போனது.

இனி அழிப்பு. தலைப்பில் இருக்கும் சொல் சிலரைப் பயமுறுத்தியிருக்கும். கம்மா அழியும் நாள் என்றால் கம்மா இல்லாமல் போகும் நாள் இல்லை; தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீனைப் பிடித்துத் தீர்க்கும் நாள். மதுரை மேலூர்ப் பக்கம், சிங்கம்புணரி, பொன்னமராவதி, நத்தம் வட்டாரங்களில் இன்றும் இது பெருந்திருவிழா. செய்தித்தாளில் மீன்பிடித் திருவிழா என்று படம் போடுவார்கள். அறுவடை முடிந்து, மடை அடைத்து, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். விடியும் முன்பே சுற்று வட்டாரமெல்லாம் கரையில் வந்து நிற்கும். காவல் தெய்வத்தைக் கும்பிட்டு, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அந்தத் துண்டு கீழே இறங்குவதற்குள் ஆயிரம் பேர் தண்ணீரில்.

ஊத்தா, கச்சா, வலை, பறி, கூடை, எதுவும் கிடைக்காதவன் வேட்டி. ஊத்தாவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூங்கில் சிம்பால் கட்டிய கூம்பு, அடிவாய் அகலம், மேல்வாய் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. சேற்றில் ஊன்றிக்கொண்டே நடப்பார்கள். உள்ளே ஏதாவது மோதினால் மூங்கில் துடிப்பது கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது விராலா, முள்ளால் குத்தும் தேளியா, தண்ணீர்ப்பாம்பா என்று விரல் நுனிதான் சொல்லும். தேளி குத்தினால் கை இரண்டு நாள் வீங்கிக் கிடக்கும். பாட்டிமார்கள் அதையும் பொருட்படுத்தாமல் பிடிப்பார்கள்.

அன்றைக்கு ஒருநாள் கம்மா யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். பிடித்ததை விற்பதில்லை என்று பல ஊர்களில் கட்டுப்பாடு. பிடிக்க முடியாத வீட்டுக்கும் ஒரு சட்டி போகும். சாதிக்கொரு துறை, தெருவுக்கொரு படி என்று வருசம் முழுக்கப் பிரிந்து கிடந்த தண்ணீரில், அந்த ஒரு காலையாவது எல்லாருடைய காலும் ஒரே சேற்றைக் கலக்கியது. முழுச் சமத்துவம் அங்கே இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். யார் முதலில் இறங்குவது என்பதில் சண்டை வந்த ஊர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் போல இன்னொரு காலை நம் ஊர் நாட்காட்டியில் கிடையாது.

கலக்கியதால் கம்மாவுக்கும் நன்மை. அடியில் உறைந்த கரம்பை கிளறப்படும். வற்றிய பிறகு அதை வண்டி கட்டி அள்ளிக்கொண்டு போய்க் காட்டில் கொட்டுவார்கள். பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்க ஒரு கூடை எடுத்து வைப்பார்கள். மீன் காலியானால் மண் காலியாகும். மண் காலியானால் அடுத்த மழைக்கு இடம்.

விருதுநகர்ப் பக்கம் இந்த அழிப்பு தேய்ந்துவிட்டது. காரணங்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, சீமைக்கருவேலம். கம்மா உள்வாய் முழுக்க முள். வலை விரித்தால் கிழியும், காலை வைத்தால் தைக்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் அதை நம்பி இருப்பதால் வெட்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் முடியவில்லை.

இரண்டாவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இந்த மண்ணில் இதைச் சொல்லாமல் போகக்கூடாது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பக்கத்து ஊர் இளவட்டங்கள் எங்கேயோ கிடைத்த மருந்தில் தோட்டா கட்டிக் கம்மாவில் வீசினார்கள். சத்தம் பெரிதில்லை. தண்ணீர் ஒருமுறை பொங்கி அடங்கியது. பிறகு வெள்ளை வெள்ளையாக வயிறு மேலே வந்தது. முதலில் பத்து, பிறகு நூறு. அவர்கள் பெரிய மீனை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீனின் வயிற்றுக்குள் மிதப்பதற்கு ஒரு காற்றுப் பை உண்டு. அதிர்ச்சியில் அது கிழிந்துவிடும். மிதந்ததை நாங்கள் பார்த்தோம். அடியில் போய் அமிழ்ந்த மீன்களை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கம்மா நாறியது. மருந்தை வெடித்தோ, விஷம் கலந்தோ மீனைக் கொல்வதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. காக்காய்க்கொல்லி விதையை அரைத்துக் கலக்கும் பழைய வழக்கமும் அந்தச் சட்டத்தில் அடங்கும். மருந்தின் சக்தி என்ன என்று நாட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் நாம். அந்த அறிவு தண்ணீருக்குள் போகக்கூடாது.

இதே பட்டாசு விசயத்தில் இன்னொரு ஊரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி. கம்மா மீனுக்காகவும் கூடு கட்டவும் வரும் நாரைகள் பயந்துவிடக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நாம் செய்து அனுப்பும் பட்டாசை ஓர் ஊர் வேண்டாமென்று வைத்திருக்கிறதே என்று எனக்கு வருத்தம் இல்லை. தண்ணீரை நம்பி வந்த உயிருக்காகத் தன் பிள்ளைகளின் ஆசையை அடக்கிக்கொண்ட ஊர் அது. அங்கே போனால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

மூன்றாவது காரணம் சிக்கலானது. மெதுவாகச் சொல்கிறேன்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே ஆற்று மீன்கள். தேங்கிய தண்ணீரில் அவை முட்டையிடாது. 1957 ஜூலை 10-ஆம் தேதி கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, இன்னொரு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு, அடைத்து வைத்த மீனை முட்டையிட வைத்தார். இன்றும் அந்த நாளைத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான், ஏழைத் தட்டில் மலிவாக மீன் விழக் காரணமானவர் அவர். அதற்கு முன்பே, 1952-ல், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா இந்தியாவுக்கு வந்துவிட்டது. நாம் அதற்கு ஜிலேபி என்று செல்லப் பெயர் வைத்தோம். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். சில மாதத்திலேயே திரும்பவும் முட்டையிடும். எந்தத் தண்ணீரிலும் பெருகும். மற்ற மீனின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும்.

குஞ்சு வாங்கி விட முடியும் என்றானதும் கம்மா பண்ணையாகிவிட்டது. மீன்பாசி ஏலம் எடுத்தவர் பணம் போட்டுக் குஞ்சு விடுகிறார். அதனால் காவல் போடுகிறார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், முதல் போட்டவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஊராட்சிக்கும் வருமானம். ஆனால் தூண்டிலோடு வந்த பையனை விரட்டுகிறார்கள். ஒருமுறை என்னையே ஒரு கரையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்கள். மீன் வெளியே போய்விடக்கூடாது என்று கலுங்கில் வலை கட்டுகிறார்கள். வெளியே போக முடியாத வலையில் உள்ளே வரவும் முடியாது. புதுத்தண்ணியில் ஏறிவரும் அயிரையும் கெளுத்தியும் அந்தக் கண்ணியில் தலையை மோதிச் சாவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் பறிபோனது மீன் மட்டும் என்றால் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கம்மாவில் கட்லா இருக்கிறது என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: யாரோ காசு கொடுத்து லாரியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அந்தக் கம்மாவுக்கு வரத்துக்கால் இருக்கிறதா, மேல் கம்மாவோடு தொடர்பு இருக்கிறதா, ஓடையை யாராவது மடக்கிக் கட்டடம் கட்டிவிட்டார்களா என்று அந்தக் கட்லா எதுவும் சொல்லாது. ஒரே ஓர் அயிரை இருந்தால் அது அத்தனையும் சொல்லும். அதைக் கொண்டுவந்து விட்டவர் யாருமில்லை. மேற்கேயிருந்து கால்வாய் கால்வாயாக, கலுங்கு கலுங்காக அது தானே வந்திருக்கிறது. வழி திறந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சின்ன மீனை விட நல்ல சாட்சி எந்தத் தாலுகா அலுவலகத்து வரைபடத்திலும் கிடையாது. 2017-ல், ஊரார் சேர்ந்து நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்து பல கம்மாக்களைத் தூர்வாரினார்கள். கரை உயர்ந்தது, மடை புதுசாயிற்று. ஓடை திறந்ததா? அடுத்த மழையில் அங்கே போய் மீனைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

தாத்தாக்கள் பார்த்தார்கள். மீன் பிடிக்கப் போனதால் பார்த்தார்கள். கெளுத்தி குறைந்தால் மேலே எங்கேயோ அடைப்பு என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கரையில் ஆள் உட்காராத கம்மாவின் கால்வாய் என்ன ஆனது என்று கேட்பதற்கு ஆளே இருக்காது. போர்வெல் வந்ததும் மடைக்குப் போவது நின்றது. ஊத்தா போனதும் சேற்றுக்குப் போவது நின்றது. தூண்டிலும் போய்விட்டால் பிறகு கம்மாவைப் பார்க்க வேண்டிய வேலை ஒருவருக்கும் இல்லை.

ஆகையால் எனக்கு இரண்டு கோரிக்கைகள். இந்தக் கூட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்கள் மூன்று பேர் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் காதுக்காகச் சொல்கிறேன். மீன்பாசி ஏல நிபந்தனையில் ஒரு வரி சேருங்கள்: கையால் பிடிக்கும் தூண்டிலுக்குக் குத்தகை கிடையாது, உள்ளூர்க்காரர் யாரும் கரையில் உட்காரலாம். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அவர்கள் பிடிப்பது ஒரு வீட்டுக் குழம்புக்குத்தான் ஆகும். இரண்டாவது, புதுத்தண்ணி வரும் முதல் பதினைந்து நாள் கலுங்கில் வலை கட்டக்கூடாது. அந்த நாட்களில் கட்லா கொஞ்சம் வெளியே போகும். போகட்டும், கீழ்க் கம்மாக்காரன் சாப்பிடட்டும். அந்த நட்டத்துக்கு ஏலத்தொகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்குப் பிறகு வேலை இல்லாத வாரம் வரும். ஐப்பசி மழை நன்றாக ஒருநாள் அடித்துப் பெய்தால், மறுநாள் விடியும் முன்பே எங்கள் ஊர்க் கலுங்கில் நான் நிற்பேன். முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் நிற்பேன். அங்கேயிருந்து வரத்துக்கால் வழியே மேல் கம்மா வரை நடந்து, வழியில் ஏறும் மீனை வகை வகையாக எண்ணி ஒரு நோட்டில் எழுதப்போகிறோம். வலை வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். ஆளுக்கொரு மண்சட்டி கொண்டு வாருங்கள். பிடித்ததை எண்ணிவிட்டு அங்கேயே விட்டுவிடுவோம். செருப்பு போடாமல் வாருங்கள், கரம்பை வழுக்கும்.